பேர் போன திருவிழா

2005-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹெலினா என்ற ஆற்றங்கரை ஊரில் ஒரு களவு நடந்தது. கிட்டார் போகவில்லை, மைக் செட் போகவில்லை, வசூல் பெட்டி போகவில்லை. திருவிழாவின் பெயர் போய்விட்டது. 1986-லிருந்து 'கிங் பிஸ்கட் ப்ளூஸ் திருவிழா' என்று பேனர் கட்டிப் பழகிய ஊர் அது. ப்ளூஸ் என்றால் அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு. 'கிங் பிஸ்கட்' என்ற பெயரின் வணிக உரிமை வெளியூர்க்காரர்கள் கையில் இருந்ததால் தகராறு வந்தது. ஊர் பின்வாங்கி, 'ஆர்கன்சா ப்ளூஸ் மற்றும் பாரம்பரியத் திருவிழா' என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டது. தாலுகா ஆபீஸ் கோப்பின் மேலட்டையில் எழுதியிருப்பதைப் போன்ற பெயர்.

யாருக்கும் கோபம் வரும்தான். ஆனால் பெயர் பறிபோனதைப் பற்றிப் புகார் சொல்ல பூமியில் எந்த ஊருக்குத் தகுதி இருந்தாலும் ஹெலினாவுக்குக் கிடையாது. அந்தத் திருவிழாவின் மூலவரே அடுத்தவர் பெயரில் வாழ்ந்தவர். பக்கத்தில் நின்று வாசித்த பரிவார தேவதைகளில் பல பேர், பெற்றவர்கள் வைத்த பெயரை எங்கேயோ அடகு வைத்துவிட்டு வந்தவர்கள். அவ்வளவு ஏன், மாநிலத்தின் பெயரையே ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஒரு 'ஸ்' உண்டு, சொல்லும்போது கிடையாது. அது எங்கே போயிற்று என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

ஊரைக் காட்டிவிடுகிறேன். மிஸிஸிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் ஹெலினா. எதிர்க்கரையில் மிஸிஸிப்பி மாநிலம். இரண்டு பக்கமும் பருத்திக்காடு. பருத்தி எடுத்தவர்கள் கறுப்பர்கள், பருத்தியில் வந்த பணத்தை எடுத்தவர்கள் வெள்ளையர்கள். இதே மாவட்டத்தில் எலேன் என்ற இடத்தில், 1919-இல், விளைச்சலுக்கு நியாயமான கணக்குக் கேட்டுச் சங்கம் சேர்ந்த கறுப்பு விவசாயிகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் வெள்ளைக் கும்பல்களும் ராணுவத்தினரும் கொன்று குவித்தார்கள். எத்தனை உயிர் என்ற கணக்கு இன்றுவரை தீரவில்லை. அந்த மண்ணில், 22 வருஷம் கழித்து, இரண்டு கறுப்புப் பாட்டுக்காரர்கள் அப்போதுதான் திறந்திருந்த வெள்ளைக்காரர் ரேடியோ நிலையத்தின் படியேறி, "எங்களைப் பாட விடுங்கள்" என்று கேட்டார்கள்.

ஒருவர் ராபர்ட் லாக்வுட். கையில் கிட்டார், வயது 26, அளந்து பேசுகிற ஆள். இன்னொருவரின் வயதை யாராலும் சொல்ல முடியாது. கையில் மவுத் ஆர்கன். ஆறடிக்கு மேல் உயரம், ஒட்டிய முகம். ஊர் ஊராக, மூலைக்கு மூலை நின்று வாசித்துக் காசு பொறுக்கியவர். ஊரார் அறிந்த பெயர் அலெக் மில்லர். சின்ன வயதில் பாலும் சோறும் என்றால் உயிராம், அதனால் 'ரைஸ்' என்று பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். ஆக, ரைஸ் மில்லர். நம் ஊரில் இப்படி ஒரு பெயரைச் சொன்னால் "எந்த ரைஸ் மில்? ரோட்டோரத்தில் இருக்கிறதே, அதுவா?" என்று கேட்டுவிடுவார்கள். இவருக்கு மில்லும் கிடையாது, பெரும்பாலான நாட்களில் ரைஸும் கிடையாது.

நிலையத்தை நடத்திய சாம் ஆண்டர்சன் சமயோசிதக்காரர். பாடுங்கள், ஆனால் செலவை ஏற்க ஒரு விளம்பரதாரர் வேண்டும் என்று, ஊரின் மளிகை மொத்த வியாபாரி மாக்ஸ் மூரிடம் அனுப்பினார். மூரின் சரக்கு 'கிங் பிஸ்கட்' என்ற மாவு. இங்கே ஒரு விளக்கம் சொல்லாமல் நகர முடியாது. அமெரிக்காவின் தென்பகுதியில் பிஸ்கட் என்றால் நாம் டீயில் முக்கி, பாதி உடைந்து டம்ளருக்குள் விழுந்து, விரலால் துழாவி எடுக்கிற வஸ்து இல்லை. அது மெத்தென்று சுடச்சுட வீட்டில் சுடுகிற குட்டி ரொட்டி. காலை உணவுக்கு அது இல்லாமல் அந்தப் பக்கத்து வீடுகளில் பொழுது விடியாது. அதற்கு மாவு வேண்டும். மாவு வாங்குகிறவர்களில் பெரும் பகுதி கறுப்புக் குடும்பங்கள். அவர்கள் காதுக்கு எட்டுகிற மாதிரி விளம்பரம் செய்ய அந்தப் பக்கத்தில் அதுவரை எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. மூருக்குத் தோன்றியது. எலேன் ரத்தம் காய்ந்த மாவட்டத்தில் நிறவெறிச் சுவரில் விழுந்த அந்தச் சின்ன ஓட்டையைப் போட்டது மனசாட்சி இல்லை, மாவு மூட்டை.

1941 நவம்பர் 21. 'கிங் பிஸ்கட் டைம்' நிகழ்ச்சி ஆரம்பமானது. நேரம் பகல் 12.15, அளவு கால் மணி. அந்த நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்து வைக்கவில்லை. பருத்திக்காட்டில் வேலை செய்கிறவர்கள் சோற்றுக்கு உட்காரும் நேரம் அதுதான். பாட்டுக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய கூலி என்னவென்றால், ராத்திரி எந்த ஊர்ச் சாராயக் கடையில் கச்சேரி என்பதை மைக்கில் சொல்லிக்கொள்ளலாம். மாவுக்கு விளம்பரம் இவர்கள், இவர்களுக்கு விளம்பரம் ரேடியோ.

ஒரு சிக்கல்தான் பாக்கி. ரைஸ் மில்லர் என்ற பெயரை வைத்துக்கொண்டு கோதுமை மாவு விற்பது எப்படி?

அந்தக் காலத்தில் சிகாகோவில் ஜான் லீ வில்லியம்சன் என்ற இளைஞர் இருந்தார். மேடைப் பெயர் 'சன்னி பாய் வில்லியம்சன்'. 1937-லிருந்து இசைத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவர். மவுத் ஆர்கன் என்றால் சன்னி பாய் என்று கறுப்பர்கள் வீட்டில் எல்லாம் பெயர் எடுத்தவர். நம்மவரும் பெயர் எடுத்தார். எங்கிருந்து எடுத்தார் என்றால், அவரிடமிருந்துதான். ஹெலினா ரேடியோவில் "இதோ சன்னி பாய் வில்லியம்சன்" என்று அறிவித்ததும் கேட்டவர்கள் எல்லாம் சிகாகோ ஆள்தான் வந்துவிட்டார் என்று நினைத்தார்கள். ரேடியோவில் முகம் தெரியாது என்பது எவ்வளவு பெரிய வசதி! அந்த யோசனை மாவு வியாபாரியுடையது என்று ஒரு கட்சி, மில்லருடையது என்று ஒரு கட்சி. 'பேரு வெச்சியே, சோறு வெச்சியா' என்று நாம் கேட்போமே, மூர் இரண்டையும் வைத்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

திருடியவர் அடக்கமாக இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். இவர் செய்தது வேறு. "ஒரிஜினல் சன்னி பாய் நான்தான், எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜான் லீ பிறந்தது 1914. நம்மவர் தான் பிறந்தது 1899 என்றார். பழைய மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டிய ஆராய்ச்சியாளர்கள் 1912 ஆக இருக்கலாம் என்கிறார்கள். வயதைக் குறைத்துச் சொல்கிற கலைஞர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். பெயருக்காக வயதைக் கூட்டிச் சொன்னவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். தகவல் சிகாகோவுக்கு எட்டி, ஜான் லீ நேரில் கேட்க வந்தார் என்றும், ரைஸ் மில்லரின் வாசிப்புக்கு முன் நிற்க முடியாமல் திரும்பினார் என்றும் ஒரு கதை உண்டு. கதையின் ஊற்று லாக்வுட். கூட்டாளி சொல்கிற சாட்சி என்பதை மனதில் வைத்துக்கொண்டு நம்புவோம். சங்கடம் என்னவென்றால், வாசிப்பு விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கலாம். மவுத் ஆர்கனைச் சுருட்டு மாதிரி வாயில் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் தொங்கவிட்டபடி வாசிப்பார் இந்த மனிதர். திருடியது பெயரை மட்டும்தான். மூச்சு சொந்த மூச்சு.

1948 ஜூன் 1-ஆம் தேதி, சிகாகோவில் கச்சேரி முடிந்து வீடு திரும்பிய ஜான் லீயை வழிப்பறிக்காரர்கள் அடித்துக் கொன்றார்கள். 34 வயது. அதற்குள் மாக்ஸ் மூர் 'சன்னி பாய்' என்றே ஒரு மக்காச்சோள மாவு விற்க ஆரம்பித்திருந்தார். மூட்டையில், உரித்த சோளக்கதிர் மேல் உட்கார்ந்து சிரிக்கும் நம்மவரின் படம். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் அந்த மூட்டைதான். இனி யார் வந்து கேட்பது?

கேட்டவர்கள் எல்லாம் பாட்டைத்தான் கேட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இண்டியனோலாவில் காட்டு வேலை செய்துகொண்டிருந்த ரைலி கிங் என்ற பையனும் மத்தியான இடைவேளையில் அதைக் கேட்டான். 1940-களின் கடைசியில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு, மேற்கு மெம்ஃபிஸில் வேறொரு நிலையத்தில் பாடிக்கொண்டிருந்த சன்னி பாயைத் தேடிப் போனான். ஒரு பாட்டுப் பாட விட்டார். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். அன்று ராத்திரிக்கு அவர் இரண்டு இடத்தில் அட்வான்ஸ் வாங்கித் தொலைத்திருந்தார். பணம் அதிகம் கிடைக்கும் இடத்துக்குத் தான் போய்க்கொண்டு, குறைந்த இடத்துக்கு இந்தப் பையனைத் தள்ளிவிட்டார். பையனுக்கு ராத்திரிக்கு 12 டாலர் கிடைத்தது. பருத்தி எடுத்த கைக்கு அது லாட்டரி. அந்தப் பையன்தான் பி.பி. கிங். அவருடைய இசை வாழ்க்கை ஒருவரின் இரட்டை வாக்கில் பிறந்தது.

சன்னி பாய் மேற்கு மெம்ஃபிஸ் ரேடியோவில் கூவி விற்றது ஹடகால் என்ற டானிக். பி.பி. கிங் பிறகு மெம்ஃபிஸ் ரேடியோவில் கூவி விற்றது அதன் போட்டிச் சரக்கான பெப்டிகான். ஹடகாலில் ஆல்கஹால் 12 சதவீதம். மதுவிலக்கு அமலில் இருந்த ஊர்களில் பக்தியுள்ள பாட்டிமார்கள் அதை வேளை தவறாமல் சாப்பிட்டு ஆரோக்கியமாக இருந்தார்கள்.

பரிவார தேவதைகளுக்கு வருவோம். லாக்வுட்டை எல்லாரும் கூப்பிட்டது 'ராபர்ட் ஜூனியர்'. ஜூனியர் என்றால் சீனியர் யார்? ப்ளூஸ் உலகம் இன்றும் விளக்கேற்றிக் கும்பிடுகிற ராபர்ட் ஜான்சன். லாக்வுட்டின் அம்மாவோடு ஜான்சன் சில காலம் வாழ்ந்தார். அந்த வகையில் சிற்றப்பா முறை. சிற்றப்பாவுக்கும் மகனுக்கும் வயது வித்தியாசம் நாலே வருஷம். யாருக்கும் வித்தையைக் காட்ட மாட்டார், யாராவது விரலைக் கவனித்தால் முதுகைத் திருப்பிக்கொள்வார் என்று பெயர் வாங்கிய ஜான்சன், இந்தப் பையனுக்கு மட்டும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதற்குக் கூலியாக 91 வயதுவரை 'ஜூனியர்' என்ற வாலைச் சுமந்தார் லாக்வுட். ஜான்சன் 27 வயதில் 1938-இல் செத்துப்போனார். சீனியரைவிட ஜூனியர் 64 வருஷம் மூத்தவராகிச் செத்த கதை வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. அந்த ஜான்சன் என் மடியில்தான் உயிரை விட்டார், திறந்த பாட்டிலில் குடிக்காதே என்று தட்டிவிட்டேன், கேட்கவில்லை என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் ஒருவர் உண்டு. சன்னி பாய்தான். சொன்னவர் யார் என்பதாலேயே அந்தக் கதையை நம்ப முடியவில்லை.

அடுத்தவர் ராபர்ட் நைட்ஹாக். ஹெலினாவிலேயே பிறந்தவர். பிறந்தபோது ராபர்ட் லீ மெக்கல்லம். துப்பாக்கி விவகாரம் ஒன்றில் ஊரைவிட்டு ஓடவேண்டி வந்ததால் ராபர்ட் லீ மெக்காய் ஆனார். 1937-இல் இராப்பருந்தைப் பற்றி ஒரு பாட்டு இசைத்தட்டாக வந்து ஓடியதும் நைட்ஹாக், அதாவது இராப்பருந்து, ஆனார். போலீஸ் தேடியது ஒரு பெயரை, ரசிகர்கள் தேடியது இன்னொரு பெயரை. அதே ஹெலினா ரேடியோவில் இவர் 'பிரைட் ஸ்டார்' என்ற போட்டி மாவுக்குப் பாடினார். ஒரே நிலையம், ஒரே ஊர், இரண்டு மாவுக் கட்சி. இவருடைய மகன் சாம் கார், அருமையான டிரம்ஸ்காரர். பெயரில் அப்பாவின் மூன்று பெயரில் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் அவரை வளர்த்தவர்கள் வேறு குடும்பம். பின்னாளில் ப்ளூஸின் பெரும்புள்ளியான மடி வாட்டர்ஸின் முதல் கல்யாணத்துக்கு, 1932-இல், கச்சேரி இந்த நைட்ஹாக்தான். ஆட்டம் தாங்காமல் வீட்டுத் தரை உள்ளே போய்விட்டது என்கிறார்கள். நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் தரப்பில் சண்டை வந்தால்தான் அந்த அளவுக்குச் சேதமாகும்.

பைன்டாப் பெர்கின்ஸ் இந்தக் கோஷ்டியில் தனி ரகம். பைன்டாப் என்ற பெயரும் சொந்தமில்லை. 1928-இல் ஒரு பூகி-வூகி இசைத்தட்டால் புகழ்பெற்ற பைன்டாப் ஸ்மித் என்ற பியானோக்காரருடையது. ஸ்மித் அடுத்த வருஷமே சுடப்பட்டு இறந்தார். பெயர் சும்மா கிடந்தது, இவர் எடுத்துப் போட்டுக்கொண்டார். முதலில் கிட்டார்தான் வாசித்தார். 1940-களில் ஹெலினாவில் ஒரு நடனக்காரி, வேறெவனோ செய்த காரியத்துக்கு இவர்மேல் சந்தேகப்பட்டு, கத்தியால் கையில் வெட்டிவிட்டாள். தசைநார் அறுந்து கிட்டார் பிடிக்க முடியாமல் போக, பியானோவே கதி என்றானார். ப்ளூஸ் பியானோவின் தலைசிறந்த கைகளில் ஒரு ஜோடியை உலகத்துக்குக் கொடுத்த பெருமை ஆள் மாறாட்டத்துக்கே சேரும். நடுவில் மிஸிஸிப்பியில் ஹாப்சன் பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். 1944-இல் விதைப்பது முதல் எடுப்பது வரை முழுக்க இயந்திரத்தாலேயே பருத்தி விளைவித்துக் காட்டிய பண்ணை அது. அந்த இயந்திரம் வந்ததும் பருத்தி எடுக்கிற கைகளுக்கு வேலை இல்லை. கைகள் சிகாகோவுக்கு ரயிலேறின. பாட்டும் கூடவே ஏறியது. பைன்டாப்புக்கும் ரயிலுக்கும் அதற்குப் பிறகும் ஒரு பாக்கி இருந்தது. 2004-இல், 91 வயதில், இண்டியானாவில் அவர் காரை ரயில் மோதித் தூக்கி எறிந்தது. கார் போயிற்று. மனிதர் பெரிய காயமில்லாமல் இறங்கினார். 2011 பிப்ரவரியில், 97 வயதில், கிராமி விருது வாங்கினார். அந்த வயதில் அதுவரை யாரும் வாங்கியதில்லை. ஒன்பது வயதில் பிடித்த சிகரெட் என்று சொல்லிக்கொள்வார். டாக்டர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவது நல்லது.

மூலவரிடம் திரும்புவோம், ஏனென்றால் உண்மையான வேடிக்கை 1963-இல்தான். ஜெர்மன்காரர்கள் இருவர் 'அமெரிக்க நாட்டுப்புற ப்ளூஸ் திருவிழா' என்று ஒன்றை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனார்கள். மடி வாட்டர்ஸ், வில்லி டிக்சன் எல்லாம் போன அந்தக் கோஷ்டியில் சன்னி பாயும் போனார். ஹெலினாவில் முன்வாசல் வழியாக ஹோட்டலுக்குள் நுழைய முடியாத மனிதரை அங்கே நாற்காலி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அவருக்கு ஊர் பிடித்துப்போயிற்று. லண்டனில் தையற்காரரிடம் ஒரு சூட் தைத்துக்கொண்டார். இடது பாதி ஒரு நிறம், வலது பாதி இன்னொரு நிறம். அர்த்தநாரீஸ்வரர் மாதிரி. தலையில் உருண்டைத் தொப்பி, கையில் குடை, வங்கி மேனேஜர் தூக்குகிற கைப்பெட்டி, பெட்டி நிறைய மவுத் ஆர்கன்.

இங்கிலாந்துப் பையன்கள் அவருக்குப் பின்னால் நின்று வாசித்தார்கள். யார்ட்பேர்ட்ஸ், அனிமல்ஸ் என்று பின்னாளில் உலகப் புகழ் பெறப்போகிற கோஷ்டிகள். யார்ட்பேர்ட்ஸின் கிட்டார்காரர், 18 வயது எரிக் கிளாப்டன், புத்தகம் படித்த பிள்ளை. அறிமுகம் செய்துவைத்ததும், "உங்கள் நிஜப் பெயர் ரைஸ் மில்லர்தானே?" என்று கேட்டுத் தொலைத்தார். பெரியவர் பதில் சொல்லவில்லை. மெதுவாகச் சட்டைப் பையிலிருந்து சின்னப் பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு முறைத்தார். கிளாப்டனே எழுதிவைத்திருக்கிறார். இலக்கிய வரலாற்றில் புனைபெயரை விளக்கச் சொன்னதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு ப்ளூஸ் வாசிக்க எவ்வளவு ஆசையோ, வாசிப்பதும் அவ்வளவு மோசம் என்று அவர் பின்னால் சொல்லிக்கொண்டார். ஹோட்டல் அறையில் காபி போடும் பாத்திரத்தில் முயல் கறி சமைக்கப் போய்த் தீப்பிடித்தது என்பார்கள். பின்னாளில் பெரிய ராக் பாடகராகப்போகிற பதின்வயது ராபர்ட் பிளான்ட் அவருடைய மவுத் ஆர்கன் ஒன்றைச் சுட்டுக்கொண்டு போனார் என்றும் சொல்வார்கள். அது நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். திருடனிடம் திருடினால் கணக்கு நேராகிறது.

1965-இல் திடீரென்று ஹெலினாவுக்குத் திரும்பி, பழைய நிகழ்ச்சியில் பழைய கூலிக்கு உட்கார்ந்துவிட்டார். தான் ஐரோப்பாவில் சுற்றியதை, கூட்டம் எழுந்து நின்று கை தட்டியதை, வெள்ளைக்காரப் பையன்கள் பின்னால் வாசித்ததை எல்லாம் சாராயக் கடையில் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. இத்தனை வருஷமாக அவர் சொன்ன பொய்களுக்கெல்லாம் தலையாட்டிய ஊர், முதன்முறையாக அவர் உண்மை பேசியபோது சிரித்தது. அந்த இரண்டு நிற சூட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தும் பிரயோஜனமில்லை.

அந்த வசந்தத்தில் அவரைத் தேடி ஒரு கோஷ்டி வந்தது. லெவன் ஹெல்மும் நண்பர்களும். லெவன் பக்கத்து ஊர்க்காரர். ஊர் பெயர் டர்க்கி ஸ்க்ராட்ச், வான்கோழி கிளறிய இடம். லாக்வுட் பிறந்ததும் அங்கேதான். வான்கோழி கிளறியதில் என்னவெல்லாம் கிடைத்திருக்கிறது பாருங்கள். சேர்ந்து வாசித்தார்கள், சேர்ந்து ஊர் சுற்றலாம் என்று பேசினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்ததற்குப் போலீஸ் வந்து விரட்டியது. சன்னி பாய் அடிக்கடி ஒரு தகரக் குவளையில் துப்பிக்கொண்டிருந்தார். புகையிலை என்று நினைத்தார்கள். ரத்தம். அந்தக் கோஷ்டி சில மாதங்களில் பாப் டிலனோடு போய்ச் சேர்ந்து, பிறகு 'தி பேண்ட்' ஆனது.

மே 25-ஆம் தேதி 12.15 நெருங்கியது. ஆளைக் காணோம். நிகழ்ச்சியின் டிரம்ஸ்காரர் பெக் கர்டிஸ் தேடிக்கொண்டு அவர் தங்கியிருந்த வாடகை அறைக்குப் போனார். ராத்திரியே தூக்கத்தில் உயிர் போயிருந்தது.

அதற்கப்புறம் ஊரும் மெல்ல மெல்லப் படுத்துக்கொண்டது. பருத்திக்கு ஆள் வேண்டாம், ஆற்றுச் சரக்குக்கு ஆள் வேண்டாம், செர்ரி தெருவில் கடைகளுக்கு வரிசையாகப் பூட்டு. 1986-இல் ஊரைத் தூக்கி நிறுத்த என்ன வழி என்று யோசித்தவர்களுக்கு, உயிரோடு இருந்தவரை ஊர் மதிக்காத ஆசாமியின் ஞாபகம் வந்தது. லாரி டிரெய்லரை இழுத்துவந்து நிறுத்தி மேடை ஆக்கினார்கள். ஆற்று வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய மண் கரைதான் கேலரி. அங்கேயே புல்லில் சரிந்து உட்கார்ந்துகொள்ளலாம். ஒவ்வொரு அக்டோபரிலும் கூட்டம் பெருத்துக்கொண்டே போனது.

லாக்வுட் வந்தார், கச்சிதமான உடுப்பில், பன்னிரண்டு தந்திக் கிட்டாரோடு. பைன்டாப் வந்தார். செடெல் டேவிஸ் வந்தார். அவர் ஹெலினாவில் பிறந்து, சிறுவயதில் போலியோ வந்து விரல்கள் மடங்கிப்போனவர். அம்மாவின் மேஜைக் கத்தி ஒன்றை எடுத்து அதன் பிடியைத் தந்திமேல் தேய்த்து வாசிக்கத் தானே கற்றுக்கொண்டார். 1957-இல் ஒரு மதுக்கடையில் போலீஸ் நுழைந்தபோது ஏற்பட்ட நெரிசலில் கால்கள் நொறுங்கிச் சக்கர நாற்காலிக்கு வந்தார். அப்போதும் வாசிப்பை விடவில்லை. சுருதி சேரவில்லை என்று சில விமர்சகர்கள் சொன்னார்கள். சுருதி அவரைத் தேடிப் போயிருக்க வேண்டும் என்பது என் கட்சி. பாபி ரஷ் வந்தார். பையனாக இருந்தபோது ஒட்டு மீசை வைத்துக்கொண்டு சாராயக் கடைகளில் வாசிக்கப் போனவர், அப்பா பாதிரியார் என்பதால் அவர் பெயர் கெடக்கூடாது என்று தன் பெயரையே மாற்றிக்கொண்டவர். இந்த ஊர் மேடை ஏறியவர்களில் மரியாதைக்காகப் பெயர் மாற்றியவர் இவர்தான். மேடையில் அவரும் அவருடைய நடனக்காரிகளும் செய்வதைப் பார்த்தால், அப்பா எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினார் என்பது புரியும். ரேடியோவில் 1951-லிருந்து 2018-இல் சாகும்வரை 'கிங் பிஸ்கட் டைம்' நடத்திய அறிவிப்பாளர் ஜான் வில்லியம் பெய்ன். அவருக்கும் ஊர் வைத்த பெயர் 'சன்ஷைன்' சன்னி. அந்த நிலையத்தில் சன்னி என்று பெயர் இல்லாவிட்டால் வேலை கிடைக்காது போலிருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் 2005. பெயரின் உரிமை யாரிடம் இருந்தது தெரியுமா? 1973-இல் நியூயார்க்கிலிருந்து 'கிங் பிஸ்கட் ஃப்ளவர் அவர்' என்று ராக் கச்சேரிகளை நாடெங்கும் ஒலிபரப்ப ஆரம்பித்தார்களே, அந்த நிகழ்ச்சியின் வழி வந்தவர்களிடம். அந்த நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது? ஹெலினாவின் மத்தியான ரேடியோவிலிருந்துதான். ஹெலினாவிடம் எடுத்த பெயரை ஹெலினா பயன்படுத்தக் கூடாது என்று ஆயிற்று. சிகாகோவில் ஜான் லீயின் ஆவி இருந்திருந்தால், அன்று ராத்திரி ஒரு கச்சேரியே வைத்திருக்கும்.

ஐந்து வருஷம் அந்தப் பெயரில்லாமல் திருவிழா நடந்தது. 2010 அக்டோபர் 9-ஆம் தேதி, அந்த ஆண்டின் பெரிய தலை மேடையில் உட்கார்ந்திருந்தபோது, பழைய பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். அந்தப் பெரிய தலை, 85 வயது பி.பி. கிங். சன்னி பாயின் இரட்டை வாக்கினால் 12 டாலருக்குப் பாடப் போன பையன்.

அந்தப் பக்கம் போக வாய்த்தால் அக்டோபரில் போங்கள். மண் கரையில் இடம் பிடித்துவிட்டு, மறுநாள் ஆற்றைத் தாண்டி டுட்வைலர் வரை போனால், விட்ஃபீல்ட் கல்லறைத் தோட்டத்தில் சன்னி பாய் இருக்கிறார். கல்லை வைத்தவர் அவருடைய முதல் இசைத்தட்டுகளை வெளியிட்ட லிலியன் மெக்மரி அம்மாள். ரசிகர்கள் வைத்துவிட்டுப் போன மவுத் ஆர்கன்கள் துருப்பிடித்துக் கிடக்கும். நீங்களும் ஒன்று வைக்கலாம். கல்லில் பிறந்த வருஷம் 1908 என்று இருக்கும், இறந்த தேதி ஜூன் 23 என்று இருக்கும். இரண்டையும் நம்ப வேண்டாம்.